'டோல்பூத்' என்னும் சொல்

ஸ்காட்லாந்தின் பழைய நகரங்களில் நகரவை கூடிய மன்றத்திற்கு 'டோல்பூத்' என்று பெயர். 'டோல்' என்பது சுங்கம். 'பூத்' என்பது நோர்சு மொழிவழி வந்த சொல், கொட்டகை என்று பொருள்படும். சந்தை வணிகரிடம் வரி தண்டிய சிறுகொட்டகையே இதன் தொடக்கம். பின்னர் அவையும் வழக்குமன்றமும் சிறையும் அவ்வொரு கூரையின்கீழ் அமைந்தன. கடன்பட்டவரும் கொலை செய்தவரும் அங்கேயே அடைபட்டனர்! நாளடைவில் மக்கள் நாவில் அச்சொல் சிறையையே சுட்டலாயிற்று. அவையின் பெருமையினும் அடைபட்டோர் துயரே சொல்லில் ஆழப் பதிந்தது எனக் கருதுகிறோம். எடின்பரோவின் பழைய டோல்பூத் 1817இல் இடிக்கப்பட்டது. 'மிட்லோதியனின் இதயம்' என்னும் அதன் பட்டப்பெயரையே வால்டர் ஸ்காட் 1818இல் தம் புதினத்திற்குச் சூட்டினார். அது நின்ற இடத்தில் இதயவடிவில் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றின்மீது உமிழ்ந்து செல்வோர் இன்றும் உளர்.