ஊருக்கு உழைத்தால் கழுகுப் பதக்கம்!

அமெரிக்காவில் சாரணர் படையில் சேரும் சிறுவர்களுக்கு ஓர் ஆசை உண்டு. எப்படியாவது "கழுகுச் சாரணர்" ஆகிவிட வேண்டும் என்பதே அந்த ஆசை!

சாரணர்களுக்கு அதுதான் உச்சிப்படி. அதற்குக் கீழே 6 படிகள் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக ஏற வேண்டும். பெரும்பாலான சிறுவர்கள் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

முதல் கழுகு

அமெரிக்கச் சாரணர் இயக்கம் 1910-ம் ஆண்டில் தோன்றியது. 1912-ம் ஆண்டில் ஒருவர் முதன்முதலாகக் கழுகுச் சாரணர் ஆனார். அவர் பெயர் ஆர்தர் எல்ட்ரெட். நியூயார்க் மாநிலத்தில் உள்ள லாங் ஐலண்டைச் சேர்ந்தவர். அப்போது அவருக்கு வயது 17.

அதே ஆண்டில், தண்ணீரில் மூழ்கிய இன்னொரு சாரணனைக் காப்பாற்ற அவர் உதவினார். அதற்காக அவருக்கு வீரப் பதக்கமும் கிடைத்தது.

சமையலும் தெரிய வேண்டும்

கழுகுச் சாரணர் ஆக 21 திறமைச் சின்னங்கள் பெற வேண்டும். முதல் உதவி, கூடாரம் அடித்துத் தங்குவது, சமையல் ஆகியவை கட்டாயம். அடுப்பங்கரைப் பக்கமே போகாத பையன் கழுகுச் சாரணர் ஆக முடியாது!

1965-ம் ஆண்டில் இன்னொரு விதியும் வந்தது. ஊருக்குப் பயன்படும் ஒரு பணியைச் செய்து முடிக்க வேண்டும் என்பதே அந்த விதி.

ஒரு பாலத்தின் கதை

ஓர் ஊர்ப் பூங்காவில் சிறிய ஓடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதைத் தாண்டப் பாலம் இல்லை. முதியவர்கள் சுற்றிக்கொண்டு போகிறார்கள். "நான் ஒரு மரப்பாலம் போட்டுத் தருகிறேன்" என்கிறான் ஒரு சாரணன்.

உடனே சுத்தியலைத் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது. முதலில் பூங்கா அதிகாரியைப் பார்த்து அனுமதி கேட்க வேண்டும். எத்தனை பலகை தேவை, எவ்வளவு செலவு ஆகும், யாருக்காவது காயம் பட்டால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் யோசித்துத் திட்டம் எழுத வேண்டும். சாரணர் தலைவர்களும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே வேலையைத் தொடங்கலாம்.

இத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்று கணக்கு இல்லை. ஆனால் பணம் திரட்டிக் கொடுத்தால் மட்டும் போதாது. வியாபாரிகளின் லாபத்துக்காகவும் உழைக்கக் கூடாது.

தனியாகச் செய்யக் கூடாது!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பையன் பாலத்தைத் தனியாகவே கட்டி முடித்தால் தேற மாட்டான்! நண்பர்களையும் அக்கம்பக்கத்தாரையும் சேர்த்து, வேலை வாங்கிக் காட்ட வேண்டும். தலைமை தாங்கத் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் இந்தப் பரீட்சை.

அப்பாவும் வந்து பலகை தூக்கலாம். ஆனால் எதை எங்கே வைப்பது என்று சொல்ல வேண்டியவன் மகன்தான்!

18 வயது கெடு

இவ்வளவையும் 18 வயது நிறைவதற்குள் முடிக்க வேண்டும். விளையாட்டாக நாளைத் தள்ளிப்போட்டுவிட்டுக் கடைசி மாதத்தில் தவிக்கும் பையன்கள் உண்டு. கெடு தாண்டிவிட்டால் ஊருக்குப் பாலம் கிடைக்கும்; பையனுக்குப் பதக்கம் கிடைக்காது! நிரந்தரமான உடற்குறை உள்ளவர்களுக்கு அதிக அவகாசம் தர விதியில் இடம் இருக்கிறது.

சிறுமிகளும் வந்தார்கள்

100 ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பட்டம் பையன்களுக்கு மட்டுமே கிடைத்து வந்தது. 2019-ம் ஆண்டில் சிறுமிகளுக்கும் கதவு திறந்தது. 2021-ம் ஆண்டில் முதல் அணியாக ஏறக்குறைய 1,000 பெண்கள் கழுகுச் சாரணர் ஆனார்கள்.

1969-ம் ஆண்டில் சந்திரனில் முதலில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் ஒரு கழுகுச் சாரணர். 1974-ம் ஆண்டில் அமெரிக்க ஜனாதிபதியான ஜெரால்டு போர்டும் கழுகுச் சாரணரே.

நான்கு தலைமுறை

முதல் கழுகான எல்ட்ரெட்டின் மகனும் இந்தப் பட்டம் பெற்றார். பேரனும் பெற்றார். கொள்ளுப்பேரனும் பெற்றார்!

எல்ட்ரெட்டின் காலத்தில் ஊர்ப்பணி விதி கிடையாது. கொள்ளுப்பேரன் காலத்தில் அது கட்டாயம். கொள்ளுத்தாத்தா எழுதாத பரீட்சையையும் எழுதித் தேறினார், கொள்ளுப்பேரன்!