கல்மரத்து மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஜியாலஜி எட்டாதா?

எறையூர் சர்க்கரை ஆலையை அறிந்த அளவுக்கு நாம் அறிந்தது சாத்தனூர் கல்மரம். சுமார் 12 கோடி ஆண்டு பழையது, 18 மீட்டர் நீளம். அரியலூர்ப் பக்கத்துப் புதைபடிவங்களை 1860களிலேயே வெள்ளைக்காரர்கள் ஆராய்ந்தார்கள். இன்றும் கல்லூரிப் பேருந்துகள் வருகின்றன. நம் சேரிப் பிள்ளைகளோ ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கூலி வேலை என்றால் மட்டும் நம் ஞாபகம் வருகிறது.

அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகம் 2005இல் ஜியோஃபோர்ஸ் திட்டத்தைத் தொடங்கியது. கிராமத்துப் பள்ளி மாணவர்களை நான்கு கோடை விடுமுறைகளில் மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் இலவசமாக அழைத்துப்போய் நிலவியல் கற்றுத்தருகிறது. நிறுவனங்களும் பணம் தருகின்றன. இங்கே சிமெண்ட் ஆலைகளுக்கா பஞ்சம்? திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகமும் இருக்கிறது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளோடு இவர்கள் கைகோத்தால் என்ன?

பிளஸ் டூ மாணவர்களே, ஜியாலஜி வேறு, ஜியாகிரபி வேறு. சென்னை மாநிலக் கல்லூரியிலும் சேலம் அரசு கலைக் கல்லூரியிலும் ஜியாலஜி உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தில் சுரங்கப் பொறியியல் உண்டு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. கட்டணத்தை அரசே கட்டும். விண்ணப்பத்தில் சாதிச் சான்றிதழோடு அதையும் குறிக்க மறக்காதீர்கள்.