மூட வேண்டிய வேளையில் மூடுகிறதா?

கோடைக்காலத்தில் ஒரு நாள், எனக்கு அறிமுகமான ஓர் இல்லத்தில் சமையலறைக் குழாய் திடீரென முறிந்து விழுந்தது. அவ்வேளை வீட்டிலிருந்தவர் எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் மட்டுமே. மாடித் தொட்டியருகே வால்வு ஒன்று இருப்பதை அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. கூக்குரல் கேட்டு ஓடிவந்த அண்டை வீட்டு இளைஞன் மாடிக்கு ஏறி அதைத் திருகிப் பார்த்தான், அசையவில்லை. பலங்கொண்டு திருகியபோது கைப்பிடி மட்டும் கையோடு வந்தது. லாரியில் விலைக்கு வாங்கி நிரப்பிய 1,000 லிட்டர் நீரும் தரையில் பாய்ந்தது. அதனினும் துயரமானது, அந்த ஈரத்தில் வழுக்கி விழுந்த மூதாட்டி பல வாரங்கள் படுக்கையில் கிடந்ததுதான்.

அன்புள்ள வாசகர்களே, வீடு கட்டும்போது பொருத்திய வால்வைப் பின்னர் நாம் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆனால் ஆபத்து வேளையில் நமக்கு உதவ வேண்டியது அதுவே.

பழைய வீடுகளில் பெரும்பாலும் காணப்படுவது கேட் வால்வு. வட்டக் கைப்பிடியைப் பலமுறை சுற்றினால், உள்ளேயுள்ள ஆப்பு போன்ற தகடு இறங்கி நீரை அடைக்கும். கிணற்று நீரிலும் ஆழ்துளை நீரிலும் உள்ள சுண்ணாம்பு அடியில் படியப் படிய, தகடு முழுமையாக இறங்காது. நாளடைவில் இறுகியும் போகும்.

பால் வால்வின் அமைப்பு வேறு. நடுவே துளையிட்ட குண்டு ஒன்று உள்ளே இருக்கும். கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பினாலே போதும். கைப்பிடி குழாயின் போக்கிலேயே இருந்தால் திறந்திருக்கிறது. குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. சிறுவரும் முதியோரும் பார்த்தவுடன் அறியலாம். எனவே திறக்கவும் மூடவும் மட்டுமே பயன்படும் இடங்களுக்கு இதுவே உகந்தது. இதைப் பாதி திறந்து வைத்தால் உள்ளிருக்கும் டெஃப்லான் வளையம் தேயும். தொட்டிக்குள் பந்து மிதக்கும் வால்வு வேறு. கடையில் கேட்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

வாங்குமுன் குழாயின் அளவை அறிந்து செல்க: அரை அங்குலம் 15 மில்லிமீட்டர், முக்கால் அங்குலம் 20, ஓர் அங்குலம் 25. இரும்புக் குழாய்க்குப் பித்தளை அல்லது கன்மெட்டல் வால்வு ஏற்றது; பிளாஸ்டிக் குழாய்க்கு அதே இனத்து வால்வு. வெந்நீர் செல்லும் வழியில் சாதாரண பி.வி.சி. கூடாது, சி.பி.வி.சி. அல்லது பித்தளை வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கவனித்து வாங்குக.

வால்வின் தண்டருகே மட்டும் நீர் கசிந்தால் உடனே மாற்ற வேண்டுவதில்லை. தண்டைச் சுற்றியுள்ள நட்டைச் சிறிது இறுக்கினாலே பெரும்பாலும் நின்றுவிடும். அதற்காகக் கசிவை அலட்சியப்படுத்தலாகாது. நிமிடத்திற்கு 200 மில்லிலிட்டர் ஒழுகினால் நாளொன்றுக்கு 288 லிட்டர் வீணாகும்.

மாற்றியே தீரவேண்டுமெனில், முதலில் மோட்டாரை நிறுத்தித் தொட்டி நீரைக் குடங்களில் பிடித்துக்கொண்டு, கீழ்க் குழாய்களைத் திறந்து மிச்சத்தை வடிக்க வேண்டும். இரும்புக் குழாயாயின் ஒரு ரெஞ்சால் குழாயைப் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் வால்வைத் திருக வேண்டும். இல்லையேல் துருவேறிய குழாய் சுவருக்குள்ளேயே முறியக்கூடும். மரையின் மீது டெஃப்லான் டேப்பை அது இறுகும் திசையிலேயே சுற்றுக. அருகில் ஒரு யூனியன் பொருத்திவிட்டால், அடுத்த முறை குழாயை அறுக்க நேராது. பிளாஸ்டிக் குழாயில் பசை தடவியபின், டப்பாவில் குறித்துள்ள நேரம் கழியுமுன் நீர் விடலாகாது. முடிவில் மெதுவாகத் திறந்து, இணைப்பைக் காய்ந்த துணியால் துடைத்து ஈரம் கசிகிறதா எனப் பாருங்கள். குழாய் மிகப் பழையதாயின் அனுபவமுள்ள பிளம்பரை அழைப்பதே விவேகம்.

புதிய வால்வாயினும் தொடாமல் விட்டால் இறுகிவிடும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் மூடித் திறந்து பாருங்கள். எந்த வால்வு எந்த அறைக்கு என்பதை அருகில் பெயிண்டால் எழுதி வையுங்கள். மாடியேற இயலாத முதியோர் இருக்கும் வீட்டில், கைக்கெட்டும் உயரத்தில் கீழேயும் ஒரு வால்வு இருக்கட்டும்.

இன்று மாலையே குடும்பத்தினர் அனைவரையும், சிறப்பாகப் பகலில் தனித்திருக்கும் பாட்டியையும், அதனருகே அழைத்துச் சென்று ஒருமுறை மூடச் சொல்லுங்கள். அந்த மூதாட்டிக்கு எவரேனும் இதைச் செய்திருந்தால், அவர் விழுந்திருக்கமாட்டார்.