லிவிங்ஸ்டன் வீட்டுக் கதை

டாக்டர் டேவிட் லிவிங்ஸ்டனைப் பற்றிப் பள்ளிப் பாடத்தில் படிக்காதவர்கள் குறைவு. ஆப்பிரிக்காவின் உட்பகுதிகளைக் கால்நடையாகக் கடந்தவர், விக்டோரியா நீர்வீழ்ச்சிக்குப் பெயர் வைத்தவர், அடிமை வியாபாரத்தை எதிர்த்து எழுதியவர். அவர் எங்கெங்கோ நடந்துகொண்டிருந்த காலத்தில் அவருடைய மனைவி மக்கள் எங்கே இருந்தார்கள், யார் சோறு போட்டார்கள் என்பது பாடத்தில் வராது. ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு வந்து பம்பாயில் காலம் தள்ளுகிறவர்களுக்கு அந்தப் பக்கம்தான் சுலபமாகப் புரியும்.

ராபர்ட் அம்மா

மனைவியின் பெயர் மேரி. குருமான் என்ற இடத்தில் ஐம்பது ஆண்டுகள் மிஷனரியாக இருந்த ராபர்ட் மாஃபட்டின் மூத்த மகள். 1821-ல் தென் ஆப்பிரிக்காவிலேயே பிறந்தவர். பெற்றோருடன் இங்கிலாந்தில் கழித்த சில ஆண்டுகளைத் தவிர அவருக்குத் தெரிந்த ஊர் அதுதான். செட்சுவானா மொழி அவருக்குக் குழந்தையிலிருந்தே பழக்கம். 1845-ல் லிவிங்ஸ்டனை மணந்தார்.

மூத்த மகன் ராபர்ட் பிறந்ததும் அந்த மக்கள் அவரை 'மா-ராபர்ட்' என்று அழைத்தார்கள். நம் கிராமங்களில் பிள்ளையின் பெயரைச் சொல்லி 'இன்னார் அம்மா' என்று கூப்பிடுகிறோமே, அதே வழக்கம். இன்றைய போட்ஸ்வானாவில் உள்ள கொலொபெங்கில் குடித்தனம். சோப்பு, மெழுகுவர்த்தி எல்லாம் அம்மா கையால் வீட்டிலேயே தயாராக வேண்டும்.

கணவருக்கோ வடக்கே போக வேண்டும் என்ற தாகம். 1850-ல் கர்ப்பிணி மனைவியையும் மூன்று குழந்தைகளையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு கலகாரி பாலைவனத்தைக் கடந்தார். குழந்தைகளைக் காய்ச்சல் வாட்டியது. திரும்பி வந்ததும் பிறந்த எலிசபெத் ஆறு வாரத்தில் இறந்தது. மேரிக்கு முகத்தின் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மறு ஆண்டே மீண்டும் புறப்பாடு, மீண்டும் கர்ப்பம். ஒரு கட்டத்தில் குழந்தைகளுக்குத் தண்ணீர்கூட இல்லை. பெண்ணைப் பெற்ற அம்மா பொறுப்பாரா? மருமகனுக்குக் காரசாரமாகக் கடிதம் எழுதினார். அவர் கேட்கவில்லை. அந்தப் பயணத்தில் ஆற்றங்கரையில்தான் ஆஸ்வெல் பிறந்தான்.

இரண்டு ஆண்டு என்றார்

1852 ஏப்ரலில் கேப் டவுனில் மனைவியையும் நான்கு குழந்தைகளையும் பிரிட்டனுக்குக் கப்பல் ஏற்றினார். இரண்டு ஆண்டுகளில் வந்துவிடுவதாகத் திட்டம். வந்து சேர்ந்தது 1856 டிசம்பரில்.

ஊருக்குப் போ என்று அனுப்பினாரே தவிர, அது யாருடைய ஊர்? ஸ்காட்லாந்தில் மாமனார் வீட்டில் மேரிக்கு ஒத்துப்போகவில்லை. வெளியே வந்து வாடகை அறைகளில் மாறி மாறிக் குடியிருந்தார். கைச்செலவுக்குப் பணம் கேட்டு மிஷன் சங்கத்துக்கு எழுத வேண்டியிருந்தது. கணவரின் கடிதம் எப்போதாவதுதான் வரும். மணியார்டர் தாமதமானால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

திரும்பி வந்தவரை நாடே கொண்டாடியது. அவர் எழுதிய புத்தகம் அமோகமாக விற்றது. ஆனால் 1858-ல் மறுபடியும் பயணம். இம்முறை மேரியும் உடன் வந்தார்; வழியில் கர்ப்பம் என்று தெரிந்ததால் கேப் டவுனில் இறங்கித் தாய்வீடு போனார். அங்கே கடைக்குட்டி அன்னா மேரி பிறந்தாள். பிறகு மற்றக் குழந்தைகளுக்காக ஸ்காட்லாந்து. பிறகு கணவருக்காக மீண்டும் ஆப்பிரிக்கா. 1862 தொடக்கத்தில் ஸாம்பெஸி முகத்துவாரத்தில் இருவரும் சந்தித்தார்கள். மூன்றே மாதத்தில், ஏப்ரல் 27-ல், ஷுபாங்காவில் மலேரியாவில் மேரி இறந்தார். நம் பக்கம் ஆனைப்புளி என்கிறோமே, அந்த மரத்தடியில் அடக்கம் செய்தார்கள். சாவுகளைப் பார்த்துப் பழகிய அந்த மனிதர் அன்று குழந்தையைப் போல அழுதார்.

பம்பாயில் டாக்டர்

1864-ல் பயணக் குழு கலைக்கப்பட்டது. சொந்தப் பணத்தில் வாங்கிய 'லேடி நியாஸா' என்ற சிறு நீராவிப் படகை விற்க வேண்டும். ஸான்ஸிபாரில் விற்றால் அடிமை வியாபாரிகள் கைக்குப் போய்விடும் என்று அஞ்சி, 2,500 மைல் கடலை 45 நாளில் கடந்து அதைத் தாமே பம்பாய்க்கு ஓட்டி வந்தார். கூட வந்த சூமா, விகடானி என்ற இரு சிறுவர்களை இங்கே பள்ளியில் சேர்த்துவிட்டு லண்டன் போனார். 1865-ல் திரும்பி வந்து படகை விற்றார். 6,000 பவுன் போட்ட படகு 2,300 பவுனுக்குத்தான் போயிற்று. அந்தப் பணமும் அதைப் போட்டிருந்த இந்திய வங்கி முழுகியதில் போயிற்று.

அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி விலை ஏறிப் பம்பாய் கொழித்த காலம் அது. போர் நின்றதும் விலை விழுந்தது. அதே போர் லிவிங்ஸ்டன் வீட்டிலும் ஓர் உயிரை வாங்கியிருந்தது. மூத்த மகன் ராபர்ட் அப்பாவைத் தேடி ஆப்பிரிக்கா வரை போனான். அவரிடம் போய்ச் சேர முடியவில்லை. அமெரிக்கா சென்று வேறு பெயரில் வடக்குப் படையில் சேர்ந்தான். அப்பா பெயருக்கு இழுக்கு வரக் கூடாதென்று பெயரை மாற்றியதாகக் கடிதம் எழுதினான். 1864 டிசம்பரில் கைதி முகாமில் இறந்தபோது அவனுக்கு வயது 18.

குழந்தைகள் கூட இருந்தபோது அவர்களோடு விளையாடாமல் போனோமே என்று லிவிங்ஸ்டன் பிற்காலத்தில் வருந்தி எழுதியிருக்கிறார். ஆனாலும் 1866 ஜனவரியில் பம்பாயிலிருந்து ஸான்ஸிபாருக்குக் கப்பல் ஏறினார். திரும்பவே இல்லை. 1873 மே மாதம் சித்தம்போ கிராமத்தில் இறந்தார். பம்பாயில் படித்த அந்தச் சூமாவும், சூஸி என்பவரும், இன்னும் சிலரும் உடலைப் பக்குவப்படுத்திப் பல மாதங்கள் கடற்கரை வரை சுமந்து வந்தார்கள்.

அன்னா மேரி தகப்பனாரை முதன்முதலில் பார்த்தது 1864-ல், ஐந்து வயதில். மறு ஆண்டு அவர் புறப்பட்டுவிட்டார். பின்னாளில் அவளுடைய மகன் டாக்டராகி, தாத்தா இறந்த அந்தச் சித்தம்போ பகுதிக்கே மிஷனரியாகப் போனார்.