வெற்றோட்டத்தில் பொறி மிகைச்சூடாதல்

வெற்றோட்டத்தில் பொறி மிகைச்சூடாதல் என்பது, தானுந்து ஓடும்போது இயல்பான வெப்பநிலையில் இருக்கும் பொறி, வண்டி நின்று பொறி மட்டும் இயங்கும் நிலையில் அளவுக்கு மீறிச் சூடாகும் கோளாறு ஆகும். வெற்றோட்டத்தைப் பட்டறைகளில் 'ஐடிலிங்' என்பர். போக்குவரத்துக் குறிவிளக்கிலும் தொடருந்துக் கடவையிலும் வெப்பமானியின் முள் மேலேறுவதும், வண்டி நகரத் தொடங்கியதும் கீழிறங்குவதும் இதன் அடையாளம். எப்போது சூடாகிறது என்பதைக் கவனித்தாலே காரணத்தைப் பெருமளவு நெருங்கிவிடலாம். ஆயினும், பல இடங்களில் அதைக் கேளாமலேயே உதிரிப்பாகங்களை மாற்றத் தொடங்கிவிடுகின்றனர்.

வெப்பம் வெளியேறும் முறை

எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குளிர்விப்பு நீர்மத்தின் வழியே வெளியேறுகிறது. நீரும் எத்திலீன் கிளைக்காலும் கலந்த இந்நீர்மத்தை நீரேற்றி பொறிக்குள் சுழலச் செய்கிறது. பெரும்பாலான வண்டிகளில், 82 முதல் 90 பாகை செல்சியசு அளவில் தெர்மோஸ்டாட் திறந்து, நீர்மத்தை ரேடியேட்டருக்குச் செல்ல விடுகிறது. அங்கே காற்று அதன் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது.

ஓடும் வண்டியில் காற்று தானாகவே முகப்பின் வழியே புகுகிறது. விசிறிக்கு அங்கே வேலை மிகக் குறைவு. வண்டி நின்றதும் பொறி உண்டாக்கும் வெப்பம் குறைந்தாலும், விசிறி இழுக்கும் காற்றைத் தவிர வேறு காற்று இல்லை. எனவே நெடுஞ்சாலையில் சூடாகாமல் நின்றால் மட்டும் சூடாகும் வண்டியில் முதலில் ஐயுற வேண்டியது காற்றோட்டத்தையே. நெடுஞ்சாலை வேகத்திலோ மேட்டிலோ சூடானால் அடைபட்ட ரேடியேட்டர், முழுதும் திறவாத தெர்மோஸ்டாட் போன்றவற்றைத் தேட வேண்டும்.

பொறியின் வேகத்தை உயர்த்திப் பார்த்தல்

முள் சிவப்புப் பகுதியை எட்டுவதற்கு முன், நின்ற நிலையிலேயே நியூட்ரலில் பொறியை நிமிடத்துக்கு ஏறத்தாழ 2000 சுற்றுகளில் ஒரு நிமிடம் ஓடவிடுவது எளிய, செலவில்லாத சோதனை. ஆனால் இதன் விடை விசிறியின் வகையைப் பொறுத்து மாறும்.

இந்தியச் சாலைகளில் நன்கு அறிமுகமான இரு வண்டிகளை எடுத்துக்கொள்ளலாம் (இரண்டின் உற்பத்தியும் 2014 இல் நின்றது). பி.எம்.சி. வகைப் பொறி கொண்ட பழைய அம்பாசடரில் விசிறியும் நீரேற்றியும் ஒரே பெல்ட்டால் சுழல்வன. வெற்றோட்டத்தில் இரண்டுமே மெதுவாகச் சுற்றும். வேகத்தை உயர்த்தினால் இரண்டும் விரைவுபெறும். ஆகவே முள் இறங்குவதைக் கொண்டு இன்னதுதான் பழுது என்று சொல்ல இயலாது. மாருதி 800 இல் விசிறியை மின்னோடி சுழற்றுகிறது. அதன் வேகம் பொறியின் வேகத்தைச் சார்ந்ததன்று. இத்தகைய வண்டியில் வேகத்தை உயர்த்தியதும் முள் இறங்கினால், மேம்பட்டது நீர்மத்தின் ஓட்டமே. அப்போது குறைந்த நீர்மம், உள்ளே சிக்கிய காற்று, தேய்ந்த நீரேற்றி ஆகியவற்றின் மீதே ஐயம் விழ வேண்டும். முள் மேலும் ஏறினால் விசிறியைப் பார்க்கலாம்.

மின்விசிறியைச் சோதித்தல்

ஏ.சி. உள்ள பெரும்பாலான வண்டிகளில் அதை இயக்கினால் விசிறியும் சுழல வேண்டும். ஏ.சி.யுடன் சுழன்று, பொறி சூடாகும்போது சுழலாவிட்டால், மின்னோடி நலமாகவே உள்ளது; வெப்ப உணரியோ அதன் கம்பியோ பழுது. எந்நிலையிலும் சுழலாவிட்டால் உருகி, ரிலே, இணைப்பிகள் என்ற வரிசையில் சென்று, இறுதியில் மின்னோடிக்கு மின்கலத்திலிருந்து நேரடியாக 12 வோல்ட் கொடுத்துப் பார்க்கலாம். வெப்ப ஆளி மட்டுமே கொண்ட பழைய வண்டிகளில் ஆளியின் இரு கம்பிகளையும் இணைத்தால் விசிறி சுழல வேண்டும். பொறி நின்ற பின்னரும் மின்விசிறி திடீரெனச் சுழலக்கூடும். அதனருகே கை கொண்டுபோகலாகாது.

விசிறி சுழல்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்வதும் தவறு. புதிய மின்னோடியின் இரு கம்பிகளும் இடம் மாறிப் பொருத்தப்பட்டால், விசிறி எதிர்த்திசையில் சுழன்று காற்றைத் தவறான பக்கம் தள்ளும். விசிறியைச் சூழ்ந்த உறை உடைந்திருந்தால் காற்று ரேடியேட்டரின் ஊடே வராமல் பக்கவாட்டில் வரும். ஏ.சி.யின் கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள குறுகிய வெளியில் தூசியும் பூச்சிகளும் படிந்திருந்தால், முன்னாலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் தூய்மையாகவே தோன்றும்.

பெல்ட்டால் இயங்கும் சில பெரிய வண்டிகளில் விசிறிக்கு முன் சிலிக்கோன் எண்ணெய் நிரம்பிய கிளட்ச் உண்டு. எண்ணெய் கசிந்த தடம் இருந்தாலோ, சூடான பொறியை நிறுத்தியபின் விசிறி தடையின்றிச் சுற்றினாலோ கிளட்ச் பழுது எனலாம்.

நீர்மமும் மூடியும்

குளிர்ந்த பொறியில் நீர்மத்தின் அளவைப் பார்ப்பது மேற்சொன்ன அனைத்துக்கும் முந்தையது. ஏறக்குறைய ஒரு பார் மிகையழுத்தத்தைத் தாங்கும் ரேடியேட்டர் மூடி, நீரின் கொதிநிலையை 120 பாகை அளவுக்கு உயர்த்துகிறது. சூடான பொறியில் மூடியைத் திறந்தால் அழுத்தம் நீங்கிய நொடியே நீர் ஆவியாகிப் பீறிடும். முகமும் கையும் வெந்துபோகும். பொறி நன்கு ஆறும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நீர்மம் மிகவும் குறைந்தால் உணரி காற்றில் நிற்கும். பொறி வெந்துகொண்டிருக்க முள் கீழேயே இருக்கலாம். ஹீட்டர் உள்ள வண்டியில் அதை முழுதும் திறந்தும் குளிர்காற்றே வந்தால் நீர்மம் குறைந்ததாகவோ சுழலாததாகவோ கொள்ளலாம். வெப்பக்காற்று வருமானால், நெரிசலில் சிக்கியவருக்கு அதுவே தற்காலிக உதவி: ஏ.சி.யை அணைத்து ஹீட்டரைத் திறந்தால் அது ஒரு சிறு ரேடியேட்டராகச் செயற்படும். முள் அப்போதும் இறங்காவிட்டால் பொறியை நிறுத்திவிட வேண்டும். அலுமினிய உருளைத் தலை வளைந்தால் செலவு பன்மடங்காகும்.

சூடாகும் வண்டியின் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது பட்டறைகளில் பரவலான வழக்கம். மூடிய நிலையில் சிக்கிய தெர்மோஸ்டாட் ஓடும்போதும் பொறியைச் சூடாக்கும். ஆதலால் நிற்கும்போது மட்டும் சூடாகும் வண்டிக்கு இது மருந்தாகாது. அது இல்லாவிடில் பொறி உரிய வெப்பநிலையை அடையத் தாமதித்து எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும்.

நீர்மம் வெளியே கசியாமல் குறைந்துகொண்டே போனாலோ, ரேடியேட்டரில் ஓயாது குமிழிகள் வந்தாலோ, 'ஹெட் கேஸ்கெட்' எனப்படும் அடைப்புத் தகடு பழுதாகி எரிவளிமம் நீர்மத்தில் கலக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கென விற்கப்படும் நீலநிறச் சோதனைத் திரவத்தின் வழியே ரேடியேட்டரின் வாய்ப்பகுதிக் காற்றைச் செலுத்தினால், கார்பன் டை ஆக்சைடு இருக்குமிடத்து அது மஞ்சளாக மாறும்.