வென்ற அணி மறு ஆண்டில் சறுக்குவதேன்?

யானைக்கும் அடி சறுக்கும் என்பது நம் முன்னோர் மொழி. அமெரிக்க நாட்டின் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இப்பழமொழியே என் நினைவுக்கு வருகிறது. நியூயார்க் யாங்கீஸ் அணி 1998, 1999, 2000 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து வாகை சூடியது. அதன்பின் அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் பட்டம் வெல்ல வேறோர் அணிக்குக் கால் நூற்றாண்டு ஆயிற்று. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி 2024, 2025 ஆண்டுகளில் அதனைச் சாதித்தது. மற்ற அணிகள் ஏன் நிலைக்கவில்லை? இதனை நான் ஆராயப் புகுந்த காரணத்தை இறுதியில் சொல்கிறேன்.

முதலாவது, ஆட்டத்தின் அமைப்பு. 1965 முதல் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் பின்தங்கிய அணிகளுக்கே முன்னுரிமை. மேலும், ஆறு ஆண்டுகள் ஆடி, ஒப்பந்தமும் முடிந்த வீரர், தாம் விரும்பும் அணிக்குச் செல்லலாம். அவரைத் தக்கவைக்கப் பெருஞ்சம்பளம் வேண்டும். 1997இல் பட்டம் வென்ற புளோரிடா மார்லின்ஸ் அணி, செலவைக் குறைக்கத் தன் சிறந்த வீரர்கள் பலரைப் பிற அணிகளுக்கு அனுப்பிவிட்டது. மறு ஆண்டு 162 ஆட்டங்களில் 108இல் தோற்றது!

இரண்டாவது, உடல். பந்தெறிபவரின் முழங்கைத் தசைநார் அறுந்துவிட்டால், அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவர் களத்திற்குத் திரும்ப ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

மூன்றாவது காரணமே புள்ளியியல் மாணவனாகிய என்னைக் கவர்ந்தது. ஒரு நாணயத்தை 162 முறை சுண்டினால் 81 முறை தலை விழும் என எதிர்பார்க்கிறோம். ஆயினும் திட்ட விலக்கம் ஏறத்தாழ 6.4. ஆகவே 87 முறை விழுந்தாலும் வியப்பதற்கில்லை. அதுபோல நடுத்தர அணியும் நற்பேற்றினால் சில வெற்றிகளைக் கூடுதலாகப் பெறும். முதலிடம் பெறும் அணியிடம் திறமையோடு நற்பேறும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். திறமை பெருமளவு மறு ஆண்டும் உடன் வரும். நற்பேறு அப்படி வருவதில்லை. சியாட்டில் மாரினர்ஸ் 2001இல் 116 வெற்றி பெற்றது. முதன்மை வீரர்கள் பலர் அப்படியே இருந்தும் 2002இல் 93 வெற்றியே கிட்டியது. பெற்றோர், மக்கள் உயரங்களை ஆராய்ந்த கால்டன் என்னும் அறிஞர் 1886இல் விளக்கிய 'சராசரியை நோக்கித் திரும்புதல்' இதுவே.

இனி என் கதை. முதல் பருவத் தேர்வில் நான் வகுப்பில் முதலாவதாக வந்தேன். படித்த பாடங்களிலிருந்தே வினாக்கள் வந்திருந்தன. அடுத்த பருவத்தில் ஒன்பதாம் இடம். எழுதப் படிக்கத் தெரியாத என் தந்தையார், "ஏம்ப்பா, போன தடவை முதல்ல வந்தியே?" என்று கேட்டார். என்னிடம் விடையில்லை. படிப்பு நம் குடும்பத்துக்கு ஒத்துவராதோ என்று அன்றிரவு கலங்கினேன்.

இன்று அவருக்குச் சொல்ல விடை உண்டு. அந்த முதலிடம் முழுவதும் என் திறமையன்று. இந்த ஒன்பதாம் இடம் முழுவதும் என் வீழ்ச்சியுமன்று. அணியாயினும் மாணவனாயினும் ஒரே ஓர் ஆண்டைக் கொண்டு எடை போடாதீர்கள். பல ஆண்டுகளின் எண்களைப் பாருங்கள்; உழைப்பின் அளவு அங்கேதான் தெரியும்.