கணினி நிறுவனத்துடையது, கடிதம் யாருடையது?

ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்டில் ஒரு தனியார் நிறுவனம், வாடிக்கையாளர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல யாகூ மெசஞ்சரில் ஒரு கணக்குத் தொடங்கும்படி தன் விற்பனைப் பொறியாளர் பொக்டான் பார்புலெஸ்குவிடம் சொல்லியிருந்தது. 2007 ஜூலை 13ஆம் தேதி நிர்வாகம் அவரை அழைத்தது. 5ஆம் தேதி முதல் அந்தக் கணக்கைக் கண்காணித்து வந்ததாகவும், சொந்த விஷயங்களுக்கு அவர் அதைப் பயன்படுத்தியது தெரிந்துவிட்டதாகவும் சொன்னது. அலுவலக வேலைக்கு மட்டுமே பயன்படுத்தினேன் என்று அவர் எழுதிக் கொடுத்தார். உடனே 45 பக்கங்களில் அச்சிட்ட உரையாடல்களை எடுத்து அவர்முன் வைத்தார்கள். சகோதரரோடும், மணமுடிக்கவிருந்த பெண்ணோடும் அவர் பேசிக்கொண்டவை அதில் இருந்தன. உடல்நலம் பற்றியும் பாலியல் வாழ்க்கை பற்றியும் பேசியவைகூட வரி விடாமல் அச்சாகியிருந்தன. ஆகஸ்ட் 1 அன்று அவர் வேலை போயிற்று. ருமேனிய நீதிமன்றங்கள் நிறுவனத்தின் பக்கம் நின்றன. ஸ்ட்ராஸ்பூர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் முதலில், 2016 ஜனவரியில், ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் அதையே சொன்னது. 2017 செப்டம்பர் 5 அன்று அதே நீதிமன்றத்தின் 17 நீதிபதிகள் கொண்ட பேரமர்வு பதினொன்றுக்கு ஆறு என்ற கணக்கில் அந்த முடிவை மாற்றியது. வேலை போய்ப் பத்தாண்டு கழித்து அவருடைய அந்தரங்க உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பு வந்தது. இழப்பீடு எதுவும் இல்லை. வழக்குச் செலவுக்கு 1,365 யூரோ மட்டும் கிடைத்தது.

இப்படிப்பட்ட வழக்குகளில் நிறுவனங்கள் சொல்லும் வாதம் எளியது, கேட்பவருக்கு நியாயமாகவும் படும். கணினி எங்களுடையது, இணைய இணைப்பு எங்களுடையது, அந்த எட்டு மணி நேரத்துக்குச் சம்பளம் கொடுப்பதும் நாங்கள். ஆகவே அதில் ஓடும் எழுத்தும் எங்களுடையது. பார்புலெஸ்கு வேலை பார்த்த இடத்தில், அலுவலகக் கணினியையும் தொலைபேசியையும் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியும் இருந்தது. இந்த வாதத்தின் முதல் பாதி முழுக்கச் சரி. கணினியை யார், எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமை அதன் சொந்தக்காரருக்கு உண்டு. மீறினால் கண்டிக்கவும் உரிமை உண்டு. ஆனால், பயன்படுத்தத் தடை போடும் உரிமையிலிருந்து படிக்கும் உரிமை தானாகப் பிறந்துவிடாது. வீடு வீட்டுக்காரருடையது, ஆணி அடிக்கக் கூடாது என்று அவர் சொல்லலாம். அதற்காகக் குடியிருப்பவருக்கு வந்த கடிதத்தை அவர் பிரித்துப் பார்க்க முடியாது. பேரமர்வின் தீர்ப்பிலும் சாரம் இதுதான்: முதலாளியின் கட்டளை எவ்வளவு கண்டிப்பானதாக இருந்தாலும், வேலையிடத்தில் ஒருவருக்கு இருக்கும் தனி வாழ்க்கையை அது அடியோடு இல்லாமல் ஆக்கிவிட முடியாது.

இந்த விவாதத்தில் பெரும்பாலும் விட்டுப்போகும் ஓர் ஆள் உண்டு. கடிதத்துக்கு இரண்டு முனை இருக்கிறது. ஊழியர் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர். அந்த நிறுவனத்தின் விதிகள் அவரைக் கட்டுப்படுத்தும். ஆனால் அந்தப் பெண்ணும் அந்தச் சகோதரரும் எதிலும் கையெழுத்திடவில்லை. தங்கள் வார்த்தைகள் ஒரு நிர்வாகியின் மேசையில் 45 பக்கமாகக் கிடக்கும் என்று நினைத்துப் பார்க்கவே அவர்களுக்கு வழியில்லை. ஊழியரின் தவறுக்கு நிரூபணம் தேடப்போய், தவறே செய்யாத இரண்டு பேரின் அந்தரங்கம் திறக்கப்பட்டது. அமெரிக்காவின் என்ரான் நிறுவனம் சரிந்த பிறகு நடந்தது இதைவிடப் பெரிது. விசாரணையில் கைப்பற்றிய மின்னஞ்சல்களை அந்நாட்டு எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2003இல் பொதுவெளியில் வைத்தது. ஏறத்தாழ 150 பேரின் அஞ்சல் பெட்டிகள், ஐந்து லட்சம் செய்திகள் என்ற அளவில் அந்தத் தொகுப்பு இன்றும் கணினி ஆய்வாளர்களிடையே புழங்குகிறது. அதில் வணிகக் கடிதங்களோடு வீட்டுச் சண்டையும், பிள்ளைகளின் படிப்பும், நண்பர்களின் துக்கமும் கலந்து கிடக்கின்றன. மோசடிக்கும் அவர்களில் பலருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அலுவலகச் சர்வரில் சேமித்த எழுத்து யார் கைக்குப் போகும் என்பதை எழுதியவரோ பெற்றவரோ பிற்பாடு தீர்மானிக்க முடியாது.

கண்காணிப்பு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்தக் கவலை மிகையல்ல என்பது புரியும். அலுவலக முகவரிக்கு வரும் அஞ்சலும் போகும் அஞ்சலும் நிறுவனத்தின் சர்வர் வழியாகவே செல்கின்றன. அதை நிர்வகிக்கும் ஐ.டி. பிரிவு எந்த ஊழியரின் பெட்டியையும் அவருடைய பாஸ்வேர்டு இல்லாமலே திறந்து தேடலாம். ஊழியர் அழித்துவிட்ட அஞ்சலின் நகல் காப்புப் பிரதியில் இருக்கக்கூடும். குறிப்பிட்ட சொற்களையோ கடன் அட்டை எண் போன்ற இலக்கங்களையோ கண்டதும் எச்சரிக்கை தரும் மென்பொருள்களும் உண்டு. பலர் அறியாத ஒன்று: அலுவலக லேப்டாப்பில் நிறுவனம் தன் சான்றிதழைப் பதித்திருந்தால், அலுவலக வலைப்பின்னல் வழியே திறக்கும் சொந்த ஜிமெயிலின் மறைகுறியாக்கத்தையும் இடையில் பிரித்துப் படிக்கத் தொழில்நுட்பம் இடம் கொடுக்கிறது. யாருக்கு, எப்போது, எவ்வளவு பெரிய அஞ்சல் என்ற பதிவை மட்டும் பார்ப்பது ஒன்று. உள்ளே எழுதியிருப்பதைப் படிப்பது வேறொன்று. இரண்டுமே ஊடுருவல்தான் என்றாலும் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

நிறுவனங்களுக்குக் கண்காணிக்க எந்தக் காரணமும் இல்லை என்று சொன்னால் அது நேர்மையாகாது. அலுவலக அஞ்சலில் பெண்களை இழிவுபடுத்தும் செய்திகள் சுற்றியது உள்ளிட்ட புகார்களை முன்வைத்துத் தொடரப்பட்ட வழக்கில், செவ்ரான் நிறுவனத்தின் ஒரு கிளை 1995இல் நான்கு பெண் ஊழியர்களுக்கு 22 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அந்தப் பெண்களைக் காப்பது நிறுவனத்தின் கடமைதான். அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனங்கள் ஊழியர்களின் வணிகக் கடிதங்களைப் பாதுகாத்து வைக்க வேண்டும் என்று சட்டமே கட்டளையிடுகிறது; வாட்ஸ்அப்பிலும் சொந்த அஞ்சலிலும் நடந்த வணிகப் பேச்சைச் சேமிக்கத் தவறியதற்காக ஜேபி மார்கனின் தரகுப் பிரிவு மீது 2021 டிசம்பரில் பங்குச் சந்தை ஆணையம் 12.5 கோடி டாலர் அபராதம் விதித்தது. இவ்வளவும் உண்மை. ஆனாலும் சேமித்து வைப்பது வேறு, எடுத்துப் படிப்பது வேறு. புகார் வந்தபின் அந்தப் புகாருக்கு உட்பட்ட அஞ்சலை, அதற்கென்று பொறுப்பு ஏற்றவர் திறந்து பார்ப்பதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பார்புலெஸ்கு விஷயத்தில் நிறுவனம் நிரூபிக்க வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: கணக்கைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தினாரா இல்லையா. அதற்கு யாரோடு எப்போது பேசினார் என்ற பதிவே போதும். உடல்நலம் பற்றிய அந்தரங்க வரிகளைப் படித்து, அச்சிட்டு, கோப்பில் வைக்க எந்தத் தேவையும் இல்லை.

பேரமர்வு கேட்டவையும் இத்தகைய கேள்விகள்தான். கண்காணிப்பு நடக்கும் என்று முன்கூட்டியே தெளிவாகச் சொன்னார்களா, எவ்வளவு நாள், எத்தனை பேர் பார்த்தார்கள், உள்ளடக்கத்தைத் திறக்கும் அளவுக்குக் காரணம் இருந்ததா, அதைவிடக் குறைவான வழி இல்லையா, கிடைத்ததை எதற்குப் பயன்படுத்தினார்கள், ஊழியருக்கு என்ன பாதுகாப்பு இருந்தது. ருமேனிய நீதிமன்றங்கள் இவற்றைச் சரியாக எடைபோடவில்லை என்பதே குறை. செய்திகளின் உள்ளடக்கம்வரை நிர்வாகம் போகக்கூடும் என்று அந்த ஊழியருக்கு முன்பே யாரும் சொல்லியிருக்கவில்லை.

அப்படியானால் முன்பே சொல்லி, கையெழுத்தும் வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? வேலையில் சேரும் நாளில் நீட்டப்படும் தாள்களில் ஒன்றை மட்டும் கையெழுத்திட மறுக்கும் நிலையில் எவரும் இருப்பதில்லை. அந்தச் சம்மதத்தை முழுச் சம்மதம் என்று நான் ஏற்க மாட்டேன். மறுமுனையில் இருப்பவரின் சம்மதமோ அதில் எந்த வகையிலும் இல்லை. நிறுவனம் முன்பே சொன்னதை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. 1996இல் பென்சில்வேனியாவில் முடிவான ஸ்மித் எதிர் பில்ஸ்பரி வழக்கில், அஞ்சல்களைப் படித்து வேலைநீக்கத்துக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று நிறுவனம் உறுதி கொடுத்திருந்தது என்பது ஊழியரின் வாதம். அப்படி உறுதி கொடுத்திருந்தாலும் அலுவலக அஞ்சலில் அந்தரங்கத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை என்று கூட்டாட்சி நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிறுவனத்தின் வாக்குறுதிக்கே மதிப்பில்லாதபோது ஊழியர் எதை நம்புவது? பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001இல் நிக்கான் வழக்கில் எதிர்த்திசையில் போனது. சொந்தப் பயன்பாட்டுக்குத் தடை இருந்தாலும் ஊழியரின் தனிப்பட்ட செய்திகளை முதலாளி படிக்கக் கூடாது என்றது. பிற்பாடு வந்த தீர்ப்புகளில், 'சொந்தம்' என்று குறித்திராத அஞ்சலை அலுவலக அஞ்சலாகக் கருதித் திறக்கலாம் என்ற வழக்கம் நிலைபெற்றது. நிறுவனத்தின் வேலையும் நிற்கவில்லை, ஊழியருக்கும் ஒரு சிறு மறைவிடம் கிடைத்தது. பிரெஞ்சுத் தொழில்துறை அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

ஸ்ட்ராஸ்பூர்க் தீர்ப்புக்குப் பன்னிரண்டு நாள் முன்பு, 2017 ஆகஸ்ட் 24 அன்று, இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பு முதன்மையாக அரசை நோக்கியது. தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டியிருந்தது. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவோ, வேலை தொடர்பான நோக்கத்துக்காகவும், வேவு, வணிக ரகசியக் கசிவு போன்றவற்றால் நிறுவனத்துக்கு இழப்பு வராமல் காக்கவும் ஊழியரின் தரவைச் சம்மதம் இல்லாமலே கையாள முதலாளிக்கு இடம் கொடுக்கிறது. அந்த நோக்கத்துக்காக அஞ்சலின் உள்ளடக்கம்வரை போகலாமா, பதிவோடு நிற்க வேண்டுமா என்று அந்தப் பிரிவு பிரித்துச் சொல்லவில்லை. அதை நிறுவனங்களே தங்கள் விதிப்புத்தகத்தில் எழுதிக்கொள்ளும் நிலைதான் இப்போது இருக்கிறது. ஆகவே ஊழியர் சங்கங்களும், சங்கம் இல்லாத இடங்களில் ஊழியர்களே கூடியும் கேட்டு எழுதி வாங்க வேண்டியவை சில உண்டு: உள்ளடக்கத்தைத் திறக்க யாருடைய எழுத்துபூர்வ அனுமதி வேண்டும், திறந்தபின் எத்தனை நாளில் ஊழியருக்குச் சொல்வார்கள், விசாரணைக்குத் தொடர்பில்லாத குடும்பத்தாரின், நண்பர்களின் செய்திகளை அச்சிடாமல் ஒதுக்கி வைப்பார்களா.